பின்னர் (பரிந்துரைக்கப்படவில்லை)

தும்பைக்கொல்லை மின்சேவை மையத்துக் கணினி ஆறு வருடமாக ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. மலைப்பகுதி மின்னாளுமை வாரியத்துக்கு அது பொறுக்கவில்லை. மேம்படுத்துவதற்கென்றே ஒரு வாரியத்தை ஏற்படுத்தி, அதற்கு ஒரு தலைவரையும் இரண்டு துணைத்தலைவர்களையும் நான்கு ஜீப்புகளையும் கொடுத்தாகிவிட்டது. இனி, ஓடுவது ஓடட்டும் என்று விட்டுவைத்தால் அந்த ஜீப்புகள் எங்கே போகும்?

ஆகவே புரட்டாசி பிறந்ததும் சுற்றறிக்கை வந்தது. ஒடுகத்தூரிலிருந்து மலைக்கு ஏறும் ஒரே பேருந்தின் நடத்துநர் அதை ஒரு பென்டிரைவோடு சேர்த்து ரப்பர் பேண்டு போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். ஜவ்வாது மலையிலுள்ள எல்லா மையங்களிலும் வாரியமே உருவாக்கிய ‘குறிஞ்சி 4’ என்ற இயங்குதளத்தைத் திங்கட்கிழமைக்குள் நிறுவ வேண்டும் என்றும், நிறுவாத மையம் திறமையற்றதாகக் கருதப்படும் என்றும் அதில் எழுதியிருந்தது. குறிஞ்சி பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் பூக்கும் என்பது வாரியத்துக்குத் தெரிந்தே இந்தப் பெயரை வைத்தார்களா என்று தெரியவில்லை. வைத்திருந்தால் அவர்களுடைய நேர்மையைப் பாராட்ட வேண்டும்.

மையத்தின் ஒரே ஊழியன் சின்னராஜ். முப்பத்து நான்கு வயது. ஒடுகத்தூரில் மூன்று மாதம் கம்ப்யூட்டர் படித்தவன். அதற்கு மேல் தெரிந்ததெல்லாம் தப்புச் செய்து தெரிந்துகொண்டது. காலையில் தன் சாமைக் கொல்லையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு ஒன்பது மணிக்கு மையத்தைத் திறப்பான். அந்தத் திங்கட்கிழமையும் அப்படித்தான் திறந்தான், பென்டிரைவைச் செருகினான். ‘பழையன அனைத்தும் அழிக்கப்படும். சம்மதமா?’ என்று திரை கேட்டது. அந்த வாரம் முழுவதும் அவனுக்குப் புரிந்த ஒரே கேள்வி அதுதான். ‘ஆம்’ என்று அழுத்தினான்.

அரைமணி நேரம் கழித்து மாதம்மாள் வந்தாள். ஓடிவந்திருக்கிறாள் என்பது மூச்சில் தெரிந்தது. கூடவே அவள் மகள் ரம்யா, கையில் பிளாஸ்டிக் உறையில் போட்ட காகிதங்களோடு.

“தம்பி, ரம்யாவுக்கு நர்சிங் சீட்டு கெடச்சிருக்குதுப்பா. நேத்து சாயங்காலம் பாறை மேல போய் நின்னப்பதான் மெசேஜ் வந்துச்சு. சாதிச் சான்று கேக்கறாங்க. வெள்ளிக்கெழம அஞ்சு மணிக்குள்ள போடணுமாம்.”

“பழைய சான்று இருக்குதே அக்கா?”

“அது கையால எழுதுனதுண்ணா,” என்றாள் ரம்யா. “இப்ப போன்ல ஸ்கேன் பண்ற மாதிரி கட்டம் கட்டமா கோடு போட்டது வேணுமாம். அது வர்ற வரைக்கும், விண்ணப்பம் போட்ட ரசீது நம்பர் இருந்தாக்கூட போதும்னு சொன்னாங்க. அதுவும் இல்லைன்னா சீட்டு அடுத்த ஆளுக்குப் போய்டும்.”

தும்பைக்கொல்லையிலிருந்து நர்சு படிப்புக்கு இதுவரை யாரும் போனதில்லை. ஊரில் ஒருவருக்கு ஊசி போட வேண்டுமென்றால் முதலில் பேருந்து வர வேண்டும். அதனால் அந்தச் சீட்டு ரம்யாவுக்கு மட்டும் வந்த சீட்டு இல்லை என்பது சின்னராஜுக்குத் தெரியும். அரைமணி முன்னால் வந்திருக்கக்கூடாதா என்று நினைத்தான்.

“பத்து நிமிசம் ஒக்காருங்கக்கா. முடிஞ்சிடும்” என்றான். பத்து நிமிடம் என்று திரையும் சொல்லிக்கொண்டிருந்தது. பாவம், இரண்டுமே உண்மையென்று நினைத்துத்தான் சொல்லின.

ஒடுகத்தூருக்குப் போய் அங்கே ஒரு மையத்தில் விண்ணப்பித்துவிட்டு வந்தால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். முடியாது. மலைமக்களுக்கான சான்றிதழை மலையில் உள்ள, வாரியம் பதிவு செய்த கணினியிலிருந்துதான் கேட்க வேண்டும். கீழே இருந்து கேட்டால் கீழ்நாட்டுக்காரர்கள் ஏமாற்றி வாங்கிவிடுவார்களாம். கைப்பேசியில் கேட்டாலும் ஆகாது, கைப்பேசி மலையிலும் இருக்கும், கீழேயும் போகும். மலைவாசிகளைப் பாதுகாக்க இவ்வளவு யோசித்தவர்கள் நிச்சயம் மலைப்பக்கம் வந்திருக்க மாட்டார்கள்.

பத்து நிமிடம் கழித்துத் திரையில் ஒரு பக்கம் வந்தது. தமிழ்தான். பதினான்கு பேர் கொண்ட மொழியாக்கக் குழு ஒன்று இரண்டு வருடம் உட்கார்ந்து எழுதிய தமிழ்.

‘வலையமைப்பு இடைமுகத்தைத் தெரிவு செய்க’ என்று தலைப்பு; இணையம் எந்த வழியாக வருகிறது என்று கேட்கிறதாம். கீழே ஐந்து விருப்பங்கள். முதலாவது, ஈ.என்.பி.3.எஸ்.0. இரண்டாவது, டபிள்யூ.எல்.பி.2.எஸ்.0. மூன்றாவது, எல்.ஓ. நான்காவது, ‘இவற்றுள் ஏதுமன்று’. ஐந்தாவது, ‘பின்னர் (பரிந்துரைக்கப்படவில்லை)’. ஐந்தாவது மட்டும் சிவப்பு எழுத்தில் இருந்தது. அதைத் தெரிவு செய்வோர் பின்விளைவுகளுக்குத் தாமே பொறுப்பாவர் என்று அதற்கடியில் இன்னொரு வரி. மூலையில் ஒரு கடிகாரம் அறுபதிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. பூஜ்யம் வந்தால் எல்லாம் முதலிலிருந்து.

சின்னராஜ் ஒன்றை அழுத்தினான். ‘கம்பி இணைக்கப்படவில்லை’ என்றது. உண்மைதான். இணையம் கூரைமேல் இருக்கும் டிஷ் கிண்ணத்திலிருந்து வருகிறது, கம்பி எதுவும் இல்லை. திரும்பிவந்து இரண்டை அழுத்தினான்.

‘இடைமுகத்துக்கான இயக்கி இல்லை. வலையமைப்பிலிருந்து பதிவிறக்கவா?’

‘ஆம்’ என்றான்.

‘வலையமைப்பு இல்லை. வலையமைப்பை அமைக்கவா?’

அதற்கும் ‘ஆம்’ என்றான்.

‘இடைமுகத்துக்கான இயக்கி இல்லை. வலையமைப்பிலிருந்து பதிவிறக்கவா?’

கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்று ஊரில் சொல்வார்களே, அந்தக் கதைதான்; இணையத்தைப் பிடிக்கிற மென்பொருளான இயக்கி இணையத்தில்தான் இருக்கிறதாம். ஏழு முறை ‘ஆம்’ சொல்லிவிட்டு எட்டாவது முறை ‘இல்லை’ என்றான். ‘உங்கள் தெரிவுக்கு நன்றி’ என்று மொழி தேர்ந்தெடுக்கும் பக்கத்துக்குப் போய்விட்டது.

மூன்றாவதில் மட்டும் பச்சை விளக்கு எரிந்தது. ‘இணைப்பு வெற்றி’ என்று வந்ததும் ரம்யா கைகொட்டினாள். அடுத்த வரி தாமதமாக வந்தது: ‘இக்கணினி இக்கணினியுடன் வெற்றிகரமாக இணைக்கப்பட்டுள்ளது.’

“இன்னா சொல்லுது?” என்றாள் மாதம்மாள்.

“தனக்குத்தானே பேசிக்குமாம் அக்கா.”

நான்காவதை அழுத்தியபோது ‘இவற்றுள் ஒன்றைத் தெரிவு செய்க’ என்று கண்டித்தது. ஐந்தாவதன் பக்கம் விரலைக் கொண்டுபோகச் சின்னராஜுக்குத் தைரியம் இல்லை. சிவப்பு எழுத்துக்கு அடியில் ‘பொறுப்பு’ என்ற சொல் இருந்தால் அரசு சம்பந்தப்பட்ட எந்த மனிதனும் அதைத் தொடமாட்டான். இவன் தொகுப்பூதியக்காரன், கேட்கவே வேண்டாம். திங்கட்கிழமை அப்படியே போனது.

செவ்வாய்க்கிழமை வாரியத்தின் உதவி எண்ணைக் கூப்பிடுவது என்று முடிவானது. ஊருக்குள் சிக்னல் கிடையாது. முக்கால் மைல் தள்ளி, கொல்லைகளைத் தாண்டி இருக்கும் பாறையின் மேல் ஏறி நின்றால் கிடைக்கும். கணினி இங்கே, கைப்பேசி அங்கே. திரையில் வருவதை வருகிற நேரத்திலேயே படித்துச் சொன்னால்தான் உதவுவோம் என்று சுற்றறிக்கையின் நான்காம் பக்கத்தில் போட்டிருந்தது.

அது சாமை முற்றும் காலம். மையத்துக்கும் பாறைக்கும் நடுவில் ஐந்து கொல்லைகள், ஐந்திலும் பரண், பரணுக்கு ஒருவராகப் பகலெல்லாம் கிளி விரட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு பரணிலிருந்து அடுத்த பரணுக்குக் கூப்பாடு போட்டுச் சேதி சொல்வது அங்கே வழக்கம். அதற்கு ஒரு சட்டமும் உண்டு: காதில் விழுந்ததை அப்படியே கூவ வேண்டும், ஒரு சொல்லைக்கூடச் சுருக்கக்கூடாது. முன்னொரு காலத்தில் யாரோ ‘ரெண்டு கரடி’ என்பதைச் சோம்பல்பட்டு ‘கரடி’ என்று மட்டும் கூவிவிட, அதைக் கேட்டவர் ஒரு கரடி இறங்கிப் போவதைப் பார்த்துவிட்டு நிம்மதியாக நடந்து இரண்டாவதின் மேலேயே போய் முட்டிக்கொண்டார். அன்றிலிருந்து இந்தச் சட்டத்தை யாரும் மீறியதில்லை. அந்த மலையில் யாரும் மீறாத ஒரே சட்டம் அதுதான் என்றும் சொல்லலாம்.

மாதம்மாளின் புருஷன் வெற்றிவேல் கைப்பேசியோடு பாறையில் ஏறினார். முதல் பரணில் அம்மாக்கண்ணு, கடைசிப் பரணில் முத்தம்மாள், நடுவில் மூன்று பேர். சின்னராஜ் திரையைப் பார்த்துச் சொல்ல, வாசலில் நின்று ரம்யா கூவினாள். கேள்வி பரண் பரணாகப் போய்ப் பாறையைச் சேர இருபத்தைந்து விநாடி பிடித்தது. மோசமில்லை.

மறுமுனையில் பேசியவர் கண்ணாயிரம். வலையமைப்பு ஒருங்கிணைப்பு மற்றும் முனைச் சரிபார்ப்பு அலுவலர். வாரியத்தில் கணினியை முனை என்றுதான் சொல்வார்கள். அவர் சொன்னதைச் சட்டப்படி வெற்றிவேல் ஒரு சொல் விடாமல் கூவினார், ஐந்து பரணும் ஒரு சொல் விடாமல் கூவின. அது வந்து சேர்ந்தபோது இப்படி இருந்தது:

“வணக்கம்… வாரியத்தைத் தொடர்பு கொண்டதற்கு நன்றி… உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது… மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன்… இந்த மெனு ரொம்ப சுலபம்… இத உருவாக்குன பதினாலு பேருல ஒருத்தர்கூட இன்னிய வரைக்கும் புகார் சொன்னதில்லை… ஏன்னா அவங்க யாருக்கும் இத நிறுவ வேண்டிய அவசியம் வரலை… இப்ப ஸ்க்ரீன்ல இன்னா தெரியுது?”

திரையில் மொழி தேர்ந்தெடுக்கும் பக்கம் தெரிந்தது. அறுபது விநாடி ‘முக்கியமானது’ வரும்போதே முடிந்துவிட்டது.

இரண்டாவது முறை, வணக்கத்தைத் தவிர்க்கும்படி சின்னராஜ் பணிவாகக் கேட்டுக்கொண்டான். வணக்கம் சொல்லாமல் பேச விதியில்லை என்று பதில் வந்தது. மூன்றாவது முறை, பதில் மூன்றாம் பரணை எட்டியபோது அங்கே ஒரு கிளிக்கூட்டம் இறங்க, அந்தம்மா முதலில் கிளியை விரட்டிவிட்டுத்தான் சேதியைத் தொடர்ந்தாள். அவளைக் குறைசொல்ல முடியாது. கிளி அறுபது விநாடி காத்திருக்காது.

ஒன்பதாவது முறை சின்னராஜ் ஒரு யோசனை செய்தான். எந்தக் கேள்வி வந்தால் எதை அழுத்த வேண்டும் என்று எல்லாவற்றையும் இப்போதே சொல்லிவிடுங்கள், எழுதிக்கொள்கிறேன், இந்த அறுபது விநாடிக் கெடுதான் எதற்கு என்று கேட்டான். மலையெல்லாம் கடந்து பதில் வந்தது:

“கேள்வி வராம பதில் சொல்ல எங்களுக்கு அதிகாரம் இல்லைங்க… அறுபது விநாடி எதுக்குன்னு கேக்கறீங்க… அது பாதுகாப்பு… திருடன் வந்து ஒக்காந்து நெதானமா யோசிச்சிக்கினு இருந்தா இன்னா பண்றது?”

அன்று சாயங்காலத்துக்குள் ஐந்து பரண்காரர்களுக்கும் தொண்டை கட்டிவிட்டது. கிளிகள் அந்த வருடம் தும்பைக்கொல்லையில் நன்றாகச் சாப்பிட்டன.

புதன்கிழமை காலையில் மாதம்மாள் கணினிக்கு எதிரில் வந்து உட்கார்ந்தாள். இரண்டு நாளாக அவள் கொல்லைக்கும் போகவில்லை. அவளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் தெரியும். ஐந்து விருப்பங்களையும் விரல் வைத்துக் கூட்டிப் படித்தாள். கடைசியில் வந்து நிறுத்தினாள்.

“பின்னர்னா பின்னாடிதானே?”

“ஆமாக்கா. ஆனா அத பரிந்துரைக்கல.”

“நமக்கு ரோடு பின்னாடிதான் வந்துச்சு. கரண்டு பின்னாடிதான் வந்துச்சு. டாக்டரு இன்னும் பின்னாடியே கீறாரு. எவன் பரிந்துரைச்சான்? நமக்கு உள்ளது அதான், அதையே அமுக்கு.”

சின்னராஜ் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினான். பின்விளைவு ஒன்றும் வரவில்லை. அடுத்த பக்கம் வந்தது. மூன்று நாளாகத் திறக்காத கதவு இப்படிச் சாதாரணமாகத் திறந்துகொண்டதில் அவனுக்கு அழுகை வந்தது.

‘இக்கணினியின் பெயரைத் தருக’ என்று கேட்டது. இதற்கு யோசிக்கவே தேவையில்லை. தும்பைக்கொல்லைக்கு முதன்முதலாக எது வந்தாலும் அதற்குக் காளியம்மாள் என்றுதான் பெயர். முதல் மாவு மில் காளியம்மாள், முதல் ஜீப் காளியம்மாள், எந்த வீட்டிலும் முதல் பெண் காளியம்மாள். ரம்யாகூடப் பள்ளிக்கூடத்தில் சேருகிறவரை காளியம்மாள்தான். அவன் அந்தப் பெயரைத் தட்டினான். ஏற்றுக்கொண்டது. அதற்கடுத்த பக்கம் இது:

‘வணக்கம் காளியம்மாள். மலைப்பகுதி வலையில் மலையைச் சேர்ந்த முனைகள் மட்டுமே அனுமதிக்கப்படும். உங்கள் மலைவாழ் முனைச் சான்று எண்ணைத் தருக.’

அப்படியொரு சான்று இருப்பதே யாருக்கும் தெரியாது. இந்தப் பக்கத்தில் கடிகாரம் இறங்கவில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல். வெற்றிவேல் மறுபடி பாறையில் ஏறினார். முனைச் சான்றுக்கு அலுவலர் நேரில் வந்து முனையைப் பார்க்க வேண்டும் என்றும், நாளைக்கு ஜீப்பில் வருகிறேன் என்றும் கண்ணாயிரம் சொன்னார். அந்தச் சேதியைப் பரண்கள் தொண்டை கட்டிய குரலில் கூவிக்கொண்டு வந்தபோது அதில் ஒரு சந்தோஷம் இருந்தது.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு அவர் வந்தார். ஐம்பது வயது, நல்ல மனிதர், வந்தவுடன் எல்லோரையும் சாப்பிட்டாச்சா என்று விசாரித்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்துச் செருகினார். திங்கட்கிழமையிலிருந்து இல்லை இல்லை என்று திரை சொல்லிக்கொண்டிருந்த இயக்கி, ஒரு நிமிடத்தில் உள்ளே போய் உட்கார்ந்தது.

சின்னராஜ் அந்தப் பென்டிரைவையே பார்த்துக்கொண்டிருந்தான். “இது எப்பவும் உங்ககிட்ட இருக்குங்களா சார்?”

“எப்பவும் இருக்கும்பா.”

“மொத பென்டிரைவுலயே இதையும் போட்டு அனுப்பியிருக்கலாமே சார்.”

“இன்னாப்பா நீ. அதான் நெட்டுல போட்டு வெச்சிருக்கமே, எடுத்துக்க வேண்டியதுதானே.”

பிறகு முனைச் சான்றுக்கான படிவத்தை மேசையில் விரித்தார். முனைகளுக்கென்று வாரியம் இன்னும் படிவம் அச்சடிக்கவில்லை. அதனால் மனிதர்களுக்கான சாதிச் சான்று விண்ணப்பத்தையே பயன்படுத்தச் சொல்லி மேலிடத்து உத்தரவாம். ‘விண்ணப்பதாரர் பெயர்’ என்ற இடத்தில் காளியம்மாள் என்று எழுதினார். ‘தந்தை பெயர்’ என்ற இடத்தில் சற்று யோசித்து வாரியத்தின் பெயரை எழுதினார். கணினியைத் திருப்பி முதுகிலிருந்த ஒட்டுத்தாளைப் படித்தார். அது எந்தக் கடலுக்கு அப்பால் செய்யப்பட்டது என்று அதில் இருந்தது.

“வெளிநாட்டுல பொறந்திருக்குது,” என்றார். “இங்க வந்து எத்தினி வருசம் ஆச்சு?”

“ஆறு வருசம் சார்.”

“ஆறு வருசமா மலைய வுட்டு எறங்கவே இல்லையே?”

“இல்ல சார்.”

“போதும் போதும்,” என்று ‘பூர்வீகம்: தும்பைக்கொல்லை’ என எழுதி முடித்தார்.

மாதம்மாள் இவ்வளவு நேரமும் சுவரோரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது ரம்யாவின் பிளாஸ்டிக் உறையை எடுத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

“சார், நீங்க எழுதறது அதே படிவந்தாங்களா? என் பொண்ணுக்கும் ஒண்ணு எழுதிக்கினு போனீங்கன்னா புண்ணியமா போகும். நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள ரசீது நம்பரு வேணும் சார்.”

கண்ணாயிரம் உறையை மரியாதையாகவே வாங்கிப் பார்த்தார். ரம்யாவின் பழைய சான்று, மாதம்மாளின் சான்று, மாதம்மாளின் அப்பாவுடைய பழுப்பேறிய சான்று.

“பாருங்கம்மா, இதெல்லாம் கையால எழுதுனது. இத வெச்சி ஒண்ணும் பண்ண முடியாது. மூணு தலமுறையா நீங்க இந்த மலையில இருக்கறதுக்கு ஆதாரம் கேப்பாங்க.”

“காட்ட வெட்டி எங்க கொல்லைய போட்டதே எங்க தாத்தா சார்.”

“இருக்கலாங்க. வெட்டும்போது யாராச்சும் எழுதிக் குடுத்தாங்களா? அதுவும் இல்லாம, மனுசங்க விண்ணப்பத்த இனிமே காயிதத்துல வாங்கக்கூடாதுன்னு ஆர்டர். எல்லாம் நெட்டுலதான். நான் இப்ப எழுதறது காயிதம் இல்லையான்னு கேப்பீங்க. பொட்டிக்குத்தான் நெட்டு இல்லையே, அதுக்கு வேற எப்படி எழுதறது? நெட்டு வந்ததும் உங்க பொண்ணுக்கு அதுலயே போடலாம். வாரியம் ஒவ்வொண்ணா யோசிச்சித்தான் செய்யுது.”

“வந்துடுமா சார்?”

“நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள நம்பரு வந்துடும். பொட்டிக்கெல்லாம் லேட் பண்ண மாட்டாங்க. அரசாங்கச் சொத்து பாருங்க.”

ஜீப் இறங்கிப் போனது. மாதம்மாள் அந்த உறையைப் புடவைத் தலைப்பால் துடைத்து மகளிடம் கொடுத்தாள். கெட்ட மனுசன் இல்லை என்று அவள் சொன்னாள். சின்னராஜுக்கும் அதுதான் கஷ்டமாக இருந்தது. கெட்டவனாக இருந்தால் திட்டவாவது செய்யலாம்.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கே வெற்றிவேல் கைப்பேசியோடு பாறையில் போய் நின்றார். பரண்காரர்கள் வெந்நீர் குடித்துவிட்டு ஏறினார்கள். பத்து மணி ஆனது, பன்னிரண்டு ஆனது. ரம்யா விண்ணப்பத்துக்கு வேண்டியதையெல்லாம் வரிசையாக மேசையில் அடுக்கி, மறுபடி கலைத்து, மறுபடி அடுக்கினாள். ரம்யா நல்ல துணி ஒன்றை உடுத்தியிருந்தாள், எதற்கென்று அவளுக்கே தெரியாது.

நான்கு மணிக்குக் கூப்பாடு கிளம்பியது. பதினாறு இலக்க எண். ஏழு, பூஜ்யம், பூஜ்யம், நாலு என்று பாறையிலிருந்து முத்தம்மாளுக்கு, அங்கிருந்து அடுத்தவருக்கு, கடைசியாக அம்மாக்கண்ணுவுக்கு. கிளி இறங்கியதைக்கூட இன்று யாரும் கண்டுகொள்ளவில்லை. ஓர் இலக்கம் பிசகாமல் வந்து சேர்ந்தது. பதினான்கு பேர் குழு, நான்கு ஜீப்புகள், ஒரு தலைவர் யாரும் இல்லாமல் அந்த மலையில் ஒரு வலையமைப்பு வேலை செய்துகொண்டிருந்தது. அதை யாரும் நிறுவவில்லை, அதற்கு மெனுவும் இல்லை.

சின்னராஜ் எண்ணைத் தட்டினான். அவசரத்தில் ஒருமுறை தப்பாகி, இரண்டாவது முறை சரியானது.

‘வாழ்த்துகள் காளியம்மாள். வலையமைப்பு வெற்றிகரமாக அமைக்கப்பட்டது’ என்றது திரை. மணி நான்கு பன்னிரண்டு.

மாதம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ரம்யா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அடுத்த வரி வந்தது.

‘இன்றியமையாத மேம்பாடுகள் நிறுவப்படுகின்றன. 1 / 47. கணினியை அணைக்க வேண்டாம்.’

அதில் விருப்பம் எதுவும் இல்லை. ஒன்றாவது, இரண்டாவது என்று இருந்தால்கூட எதையாவது அழுத்திப் பார்க்கலாம். ‘பின்னர்’ என்றுகூட இல்லை. வெறுமனே ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. சின்னராஜ் விசைப்பலகையில் இருந்த எல்லா விசைகளையும் அழுத்தினான். பிறகு கைகளை மடியில் வைத்துக்கொண்டான்.

நான்கு இருபத்தைந்துக்கு ஒன்பதாவது மேம்பாடு. நான்கு நாற்பதுக்கு இருபத்தொன்றாவது. “ஓடு, ஓடு” என்று ரம்யா வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். முப்பத்து மூன்றாவதில் அது நின்று ஏழு நிமிடம் யோசித்தது. இந்தத் தடவை யோசிப்பதற்கு யாரும் அறுபது விநாடி கெடு வைக்கவில்லை. ஐந்து மணிக்கு முப்பத்தொன்பதாவது ஓடிக்கொண்டிருந்தது. சுவர்க்கடிகாரத்தை மூன்று பேருமே பார்த்தார்கள். வட்டம் மட்டும் சுற்றியது.

ஐந்து எட்டுக்கு நாற்பத்தேழும் முடிந்தது. ரம்யா கல்லூரியின் பக்கத்தைத் திறந்தாள். கணினி அருமையாக வேலை செய்தது, பக்கம் பட்டென்று வந்தது. ‘பதிவேற்றத்துக்கான காலம் நிறைவடைந்தது’ என்று அதில் இருந்தது. அவள் நிமிர்ந்து உட்கார்ந்து அதை இரண்டு முறை படித்தாள்.

அந்த நேரத்தில் மூலையிலிருந்த பிரிண்டர் தானாகவே உறுமிக்கொண்டு ஒரு தாளைத் தள்ளியது. சின்னராஜ் எடுத்தான். அழகான தாள். மேலே முத்திரை, கீழே கட்டம் கட்டமாகக் கோடு போட்ட சதுரம். தும்பைக்கொல்லையைப் பூர்வீகமாகக் கொண்ட காளியம்மாள் மலைவாழ் பழங்குடி சமூகத்தைச் சேர்ந்தவர் எனச் சான்றளிக்கப்படுகிறது என்று இருந்தது.

மாதம்மாளின் முகம் மலர்ந்துவிட்டது. “இன்னா தம்பி அது? காளியம்மாள்னு போட்ருக்குது. எம்பொண்ணோடதா?”

“இல்லக்கா. பொட்டியோடது.”

அவள் தாளை வாங்கி, அந்தச் சதுரத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

“ஒரே நாள்ல குடுத்துட்டாங்களா?”

“ஆமாக்கா.”

“மூணு தலமுற கேக்கலியா?”

சின்னராஜ் தலையைக் குனிந்துகொண்டான். நான் திங்கட்கிழமை அந்த ‘ஆம்’ அழுத்தியிருக்கக்கூடாது அக்கா என்று சொல்ல வாயெடுத்தவன், பிரிண்டரை அணைக்கப் போனான். அவள் அவனைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் தாளைப் பத்திரமாக மேசைமேல் வைத்தாள்.

அப்போது கூப்பாடு வந்தது. பாறையில் காலையிலிருந்து நின்றுகொண்டிருக்கும் வெற்றிவேலின் கேள்வி, ஐந்து குரல்களைக் கடந்து கடைசியில் அம்மாக்கண்ணுவின் குரலில் வந்தது.

“சான்று… வந்துச்சா-ஆ…?”

யாராவது பதில் கூவித்தான் ஆக வேண்டும். சின்னராஜ் மாதம்மாளைப் பார்த்தான். மாதம்மாள் சுவரைப் பார்த்தாள். ரம்யா எழுந்து வாசலுக்குப் போனாள். பிறகு இரண்டு கையையும் வாயருகே குவித்துக் கூவினாள்.

“வந்துடுச்சு… பொட்டிக்கு-உ…”

அம்மாக்கண்ணு ஒரு கணம் தயங்கினாள். ஆனால் சட்டம் சட்டம்தான். “வந்துடுச்சு… பொட்டிக்கு-உ…” என்று அவள் கூவ, அடுத்த பரண் அதை வாங்கியது, அதற்கடுத்த பரண் வாங்கியது. சாமைக் கதிர்களுக்கு மேலாக அது தூரமாகிக்கொண்டே போய்க் கடைசியில் முத்தம்மாளின் குரலில் பாறையைச் சேர்ந்தது. ஒரு சொல்கூடச் சுருங்கவில்லை.

பாறையிலிருந்து பதில் வருமென்று ஐந்து பரண்களும் காத்திருந்தன. கிளிகள் இறங்கத் தொடங்கின. ஒருவரும் விரட்டவில்லை.